பதினாறாவது கெமுனிங்

பகாவ் சந்தைக்குப் பின்னால் நாற்றுக்கடை.
ஒரு பை கெமுனிங் நாலு வெள்ளி.
முப்பதடி வேலிக்குப் பதினைந்து போதும்,
இரண்டடிக்கு ஒன்று வை,
நெருக்கினால் ஒன்றையொன்று தின்னும் என்றான் ஆ கியோங்.

யாரிடம் சொல்கிறான்!
மறுநடவுக் கும்பலில் பதினோரு வருஷம்
சங்கிலி இழுத்தவள் நான்.
செம்பனைக்கு முக்கோணம்,
மூலைக்கு மூலை இருபத்தொன்பதரை அடி.
அரையடி பிசகினால்
மண்டோர் முளைக்குச்சியைப் பிடுங்கி எறிவான்.

இருந்தும் அங்கே நின்று
ஓரடிக்கு ஒன்றாய் முப்பது வாங்கினால் எவ்வளவு என்று
விரல் மடக்கிப் பார்த்தேன்.
வியாழக்கிழமை லோகேந்திரன் வருகிறான்
பதினெட்டு மாதம் முடிந்து.
எங்கள் தாமானில்
எல்லார் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கும்
எங்கள் பின்பக்கம்தான் தெரியும்.

பணம் பதினைந்துக்கே சரியாக இருந்தது.
இலை பழுத்த ஒன்றைச் சும்மா கொடுத்தான்.

துணிக்கொடிக் கயிற்றில் இரண்டடிக்கொரு முடிச்சு
போட்டுக் கொடுத்தேன்.
முடிச்சுக்கு ஒரு குழி,
மகன் வாய் திறக்காமல் வெட்டினான்.
சாயங்காலம்
முழங்கால் உயரச் செடிக்குப் பின்னால்
தரையோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தான்.
இருபத்தாறு வயசு ஆள்
ஒன்றரை அடிக்குள் மடங்கி.

நுனியைக் கிள்ளணும்,
இல்லாவிட்டால் மேலே ஓடிக் கீழே ஓட்டை விழும்.
அதையும் ஆ கியோங்தான் சொல்லியிருந்தான்.
அவன் கிள்ளக் கிள்ள
மறைப்பு ஒரு சாண் தள்ளிப் போனது.
பல்லைக் கடித்துக்கொண்டு
பாத்திரம் கழுவினேன்.

மழை விட்டதும் முக்காலிக்கு ஏறினான்.
நோன்புப் பெருநாளுக்கு முந்தின வாரம்
எழுந்து நின்று வெட்டிக்கொண்டிருந்தான்.
பக்கத்து வீட்டு ரொக்கியா
கத்தரியை இரவல் கேட்டாள்.
மேலாகவே நீட்டினான்,
கைப்பிடி அவள் பக்கம்.

மார்பளவு.
இன்னும் ரெண்டடி விடேன்டா என்றேன்.
காற்று வரணும்மா என்றான்.

குழாயடியில் கிடந்த பதினாறாவதை
நேற்று நகர்த்தப் போனேன். அசையவில்லை.
பையைக் கிழித்துக்கொண்டு
சிமெண்டு வெடிப்பில் வேர் இறக்கியிருக்கிறது.
கயிறு பிடிக்காத இடம்.
யாரும் நுனி கிள்ளவில்லை.
என்னைவிட ஒரு கை உயரம்,
உச்சியில் மட்டும் பூ.