ஏழு எழுத்து

பெய்லோவில் கொண்டல் எழுந்தால்
நாய்கூடக் கரைப் பக்கம் முகம் காட்டாது.
தொட்டிகளில் ஊறும் குடலும் செவுளும்
தெருத்தெருவாய்ப் போய்
துணிப்பெட்டிக்குள் குடியேறும்.
எனக்கு மூக்கு செத்துப் பதினோரு வருஷம்.

என் வேலை சாடியின் கழுத்தில்.
நாணல் முனை, புகைக்கரி மசி, முழங்காலிடுக்கில் சாடி.
முதலில் சரக்கு: சூரைக் கருவாடா, அயலைச் சாறா.
அடுத்து வயது. ஒன்றரை வருஷத்தை
இரண்டு என்று எழுதுவதில் பாவமில்லை,
மிச்ச வயதைக் கப்பலில் வைத்து எட்டிவிடும்.
பிறகு ‘மிக உயர்ந்தது’. அதை எல்லாவற்றிலும் எழுதுவேன்.
கடைசியில், கொட்டை எழுத்தில், வணிகர் பேர்.

வலை இழுத்தவன் பேருக்கு அங்கே இடமில்லை.
கழுத்து சிறியது.

சூரை கூட்டங்கூட்டமாக நீரிணைக்குள் நுழையும் மாதம்,
வலையின் கடைசி அறைக்குள் இறங்கிய பாரிக்கியோவை
கன்றுக்குட்டி கனத்தில் ஒரு மீன்
வாலால் ஒரே அடி.
மீனைத்தான் முதலில் ஏற்றினார்கள்.
அதற்கு விலை இருந்தது.

அவன் பெண்டாட்டி இமில்கே, எங்கள் உப்புத் தொட்டிக்காரி.
எட்டாம் நாள் வந்து எதிரே குந்தினாள்,
விரலிடுக்கில் செதிள் மின்ன.
“கல்லில் வெட்டக் காசில்லை.
ஒரு சாடியில் எழுது.”
எழுதினேன். வணிகர் பேர் வரும் இடத்தில்.
ரோமர் எழுத்தில் ஏழு.
அவளுக்கு வாசிக்கத் தெரியாது.
விரல்விட்டு எண்ணினாள். போனாள்.
சாடி கப்பலேறியது.

மறு வருஷம் ரோமின் துறைமுகத்திலிருந்து கடிதம்.
சுங்கக்காரன் கேட்டிருந்தான்:
பாரிக்கியோ என்னும் வணிகர்
ஒரு சாடிக்கு வரி பாக்கி, ஆள் எங்கே?

முதலாளியம்மா ஃபாபுல்லா என்னை நிற்கவைத்தாள்.
கடிதத்தின் அடியில் வேறொரு கை,
யாரோ மளிகைக்காரன்:
“அந்தப் பாரிக்கியோ சரக்கு இன்னும் உண்டா?
நாற்பது சாடி என்றாலும் எடுத்துக்கொள்வேன்.
ஃபாபுல்லா சரக்கில் இந்த ருசி இல்லை.”

ஒரே தொட்டி. ஒரே குடல். ஒரே உப்பு.
அவள் வாசித்தாள். இன்னொரு முறை வாசித்தாள்.
ஓங்கிய கோலைச் சுவரில் சாத்தினாள்.
“நாற்பதிலும் அதையே எழுது.”

செத்தவனுக்கு வியாபாரம் சூடுபிடித்தது.

இமில்கே காதுக்கு எட்டாமல் போகுமா.
கை கழுவாமல் வந்து முற்றத்தில் நின்றாள்.
“வீட்டுக்கு வாடகை உண்டு. கழுதைக்கு வாடகை உண்டு.
என் புருஷன் பேரில் ஏறிச் சவாரி போகிறீர்களே,
சாடிக்கு இரண்டு செம்புக்காசு.”
கணக்கன் சிரித்தான், சுமைகாரர்கள் சிரித்தார்கள்.
முதலாளியம்மா சிரிக்கவில்லை.
அவளுக்கு வழக்குமன்றம் தெரியும்.

அன்றிரவு என்னிடம் சொன்னாள்:
நடுவில் ஓர் எழுத்தைச் செருகு.
வெறும் மூச்சாகப் போகிற எழுத்து,
வாயில் கேட்காது, வாங்குகிறவனுக்கு உறைக்காது.
பேர் அதேதான்.
ஆள் வேறு.

செருகினேன்.
என் ரொட்டியும் அவள் அடுப்பில்தான் வேகிறது.

விடியலில் துறையில் நாற்பது சாடிகள்.
மசி காயவில்லை.
கொண்டல் விழுந்து கடல் எண்ணெயாய்க் கிடந்தது.
சுமைகாரர் கால்களுக்கு நடுவே இமில்கே
முதல் சாடியின் முன் குந்தி
சுண்டுவிரலில் தொடங்கினாள்.
ஒரு கை முடிந்தது.
மறு கையில் இரண்டு மடங்க வேண்டும்.
மூன்று மடங்கியது.

மறுபடி எண்ணினாள்.
என்னைப் பார்த்தாள்.
நான் பாய்மரத்தைப் பார்த்தேன்.
உப்பில் வெடித்த கட்டைவிரலை நாக்கில் நனைத்து,
எது அதிகப்படி என்று தெரியாமல்
ஒவ்வோர் எழுத்தின் மேலும்
தொடாமல் கொண்டுபோனாள், திரும்பினாள், கொண்டுபோனாள்.

அந்த விரலைப் பிடித்து
இடமிருந்து ஆறாவதன்மேல் வைத்தேன்.

இன்னும் முப்பத்தொன்பது இருந்தன.
கப்பல்காரன் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தான்.