தாவும் தீ

முதலில் அது ஒரு கொசுக்கடி.
முழங்கைக்குக் கீழே, கடுகளவு.
விடிந்து பார்த்தால்
நீர் கோத்து நிற்கிறது,
கஞ்சி கொதிக்கையில் எழும் குமிழிபோல்,
ஒரு தொடலுக்குக் காத்துக்கொண்டு.

இப்புகி தொட்டுவிட்டான்.

"தொபிஹி" என்றார் டாக்டர் சுகெனோ.
எங்கள் பேச்சில் இதற்கு அதுதான் பெயர்:
ஒரு கூரை எரிகையில் காற்றேறிப் போய்
அடுத்த தெருக் கூரையில் உட்காரும் பொறி.
மூன்று வயது உடம்புக்குள்
இத்தனை தெருக்களா!
முழங்கையிலிருந்து விலா,
விலாவிலிருந்து காதுமடல்,
கால்சட்டை ரப்பர் அழுத்தும் இடத்தில்
வரிசையாக நாலு.

எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.
"மூக்குக்குள் இருக்கும் கிருமிதான்.
பலருக்கு உண்டு. உங்களுக்கும் இருக்கலாம்."
சாதாரணமாகத்தான் சொன்னார்.
வீடு வரும் வரை
பிள்ளை பக்கம் திரும்பி நான் மூச்சுவிடவில்லை.

ஜூலை மாதம்.
காப்பக முற்றத்தில் ரப்பர் குளம் ஊதி
தண்ணீர் நிரப்பிவிட்டார்கள்.
குறிப்பேட்டில் 'நீச்சல்' என்ற கட்டத்தில்
பெருக்கல் குறி போட்டேன்.
ஐந்து நாள், ஐந்து பெருக்கல்.
கட்டுத்துணிகளோடு நிழலில் உட்கார்ந்து
பிளாஸ்டிக் திமிங்கிலத்தை வாளியில்
முக்கி முக்கி எடுத்தானாம்.
வாசலில் ஹொனாமியின் அம்மா
எப்போதும்போல் குனிந்து வணங்கினாள்,
எப்போதையும்விட ஓரடி தள்ளி நின்று.
கோபமில்லை.
அவள் தோளில் கைக்குழந்தை இருந்தது.

உவாஜிமா முத்துப் பண்ணையில்
சிப்பியின் சதை கீறி
ஒரு மணியை உள்ளே வைப்பது என் வேலை.
உறுத்தலைச் சுற்றி அது
ஒளியை அடுக்கிக்கொண்டே போகும்.
தோலுக்கு அந்த வித்தை தெரியாது.
வெடித்த இடத்தில்
மலிவான வார்னிஷ் மாதிரி காய்கிறது.

இரவு. நுரை சோப்பு, குழாய் நீர், களிம்பு, துணி.
தயிரில் ஒளித்த மருந்தைக்
கண்டுபிடித்துத் துப்பினான்; இன்னொரு தயிர்.
விழித்திருக்கும்போது நகம் வெட்ட விடமாட்டான்.
இரவில் வெட்டினாலோ
பெற்றவர் சாவுக்குப் பக்கத்தில் இருக்க
வாய்க்காது என்பார்கள்.

நான் இரவில் நகம் வெட்டியதே இல்லை.
அம்மா போனபோது
மத்ஸுயாமாவிலிருந்து வரும் ரயிலில்
நின்றுகொண்டிருந்தேன்.

செல்போன் வெளிச்சத்தில்
ஒவ்வொரு விரலாகப் பிரித்து வெட்டினேன்.
வராவிட்டால் போ.
இப்போது சொறியாமல் இரு.

வலது சுண்டுவிரலில் மட்டும் ஒரு பிசிறு.
குனிவதற்குள் புரண்டு படுத்தான்.
தூக்கத்திலேயே
அந்த ஒரு நகத்தால்
என் முழங்கையைச் சொறிகிறான்,
தன்னுடையது என்று நினைத்து.