பேசக்கூடிய மொழிகள்

முத்தையன்கட்டு இடதுகரை, நாற்பத்தோராம் வீடு.
குடிசன மதிப்புப் படிவத்தில் மூன்று பெட்டிகள்:
தமிழ், சிங்களம், ஆங்கிலம்.
எதற்குள்ளும் போக மறுக்கின்றன
வதனரூபனின் கைகள்.

அவனுக்கும் தங்கை சுகந்தாவுக்கும்
பிறந்ததிலிருந்தே காது கேளாது.
சொல்லித்தர ஆளில்லாத காடு.
இரண்டு பேர், இருபது விரல்.
பசித்தபோது ஒரு சைகை பிறந்தது,
பயிருக்குள் மாடு இறங்கியபோது இன்னொன்று.
என்னுடையதும் அப்படித்தான் தொடங்கியிருக்கும்,
யாரோ இரண்டு பேருக்கு நடுவில்,
ஏதோ ஒரு மாட்டைப் பார்த்து.

மகள் அபிசனாவுக்குக் கேட்கும். வயது ஒன்பது.
அவள்தான் எனக்கு வாய்.
"சீனி முடிஞ்சுதாம், பனங்கட்டி கடிப்பீங்களோ?"
அதைச் சொன்னபோது தகப்பனின் வலது தோள்
காதுப்பக்கம் ஒருமுறை எழும்பி இறங்கியது.
பூனை குட்டி போட்டது: தோள்.
போன மாசம் நீர்ப்பம்பி எரிந்தது: தோள்.
"அதென்ன பிள்ளை?"
"அது… நடந்து முடிஞ்சதெண்டால் அப்பிடித்தான்."

சுகந்தா சிரித்தாள். எழுந்து வந்து
முற்றத்து மணலில் முழுவதுமாய்ச் செய்து காட்டினாள்:
இரு கையாலும் தலையைப் பொத்தி,
முழங்கால் மடித்து,
முகத்தை நிலத்தோடு அழுத்தி.
ஷெல் விழுவது உள்ளங்காலுக்குத்தான் முதலில் தெரியுமாம்.

முதலில் அதற்கு ஒரே பொருள்: குனி.
பிறகு, குனிந்த அந்த மாதங்கள்.
பிறகு, அதற்கு முன்னிருந்த எல்லாம்,
ஓட்டு வீடும் கட்டுக்கிணறும் அம்மாவும்.
வருசத்துக்கு வருசம் தேய்ந்து
முழங்கால் உதிர்ந்தது, கைகள் உதிர்ந்தன,
ஒரு தோளசைவு மிஞ்சியது.

நாங்களும் அதை
இறந்தகாலம் என்றுதானே படித்தோம்.
யார் இறந்தது என்று
ஒருவரும் வகுப்பில் கேட்கவில்லை.

அபிசனாவுக்கு இன்று பல் விழுந்திருக்கிறது.
தகப்பனிடம் சொல்கிறாள்:
விரல் முரசில், பிறகு தோள்.
சும்மா, இலையான் கலைப்பதுபோல.

பிள்ளைக்குத் தமிழில் புள்ளடி போட்டேன்.
மற்ற இருவருக்கும் ஓரத்தில் பென்சிலால்:
'உண்டு. பெயர் தெரியாது.'
கச்சேரியில் யாராவது அழிப்பார்கள்.

வாய்க்கால் கட்டில் சைக்கிளை மறித்து ஒருவர் கேட்டார்,
ஒட்டுசுட்டான் பக்கம் மழையோ என்று.
"பெய்தது" என்றேன்.
சொல்லிவிட்டு நின்றேன்.
நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற அந்தத் 'த்'
எந்தக் காட்டில், எவர்
குனிந்ததன் மிச்சமோ.