ஏழு ஒற்றைகள்

பூசா வயலில் பனி இன்னும் கலையவில்லை.
பொதிக்குள் இருக்கும் கதிரை
எட்டரைக்குள் பறித்தாக வேண்டும்;
தாமதித்தால் மகரந்தப்பை
தன் காரியத்தை முடித்துக்கொண்டு
ஒன்றும் தெரியாததுபோல் மஞ்சளாகிவிடும்.

கண்ணாடிச் சில்லில் சிவப்புச் சாயம் ஒரு சொட்டு,
மேலே ஒற்றுத்தாள்.
தேவ்கரண் கட்டைவிரலால் அழுத்துகிறார்.
பீடிக்கறை விரல்.
துறையில் வேறு யாருக்கும் அந்தப் பதம் வராது.

தாய்க்கோதுமைக்கு இருபத்தெட்டு,
தந்தைக்கு நாற்பத்திரண்டு,
இதற்குப் பாதியும் பாதியுமாய் முப்பத்தைந்து.
பதினான்கு சோடி
நடுக்கோட்டில் வந்து நின்றுவிட்டன.
மீதி ஏழு
அங்கொன்றும் இங்கொன்றும்,
துணை என்று ஒன்று
எந்த வயலிலும் விதைக்கப்படாதவை.

அடுத்த செல்லில் இழைகள் இழுக்கத் தொடங்கியாயிற்று.
சோடிகள் பிரிந்து துருவம் சேர்ந்துவிட்டன.
ஒற்றைகளில் நாலு எப்படியோ தொற்றிக்கொண்டன.
இரண்டு பாதி வழியில்.
ஒன்றை இருபுறமும் இழுத்து
இடுப்பில் கிழித்திருக்கிறது.

பதிவேட்டில் இவற்றுக்கு ஒரு கட்டம் உண்டு:
பின்தங்கியவை.
யாருக்குப் பின்னால்?
மூன்று என்று எண் மட்டும் போட்டேன்.

ஏப்ரல். வெயில் முதுகில் ஏறிவிட்டது.
அதே செடியின் கடைசிக் கதிரை
தேவ்கரண் உள்ளங்கையில் கசக்கி ஊதினார்.
உமி. உமி. மறுபடி உமி.
பிறகு இரண்டு மணி,
சூம்பிப்போய், ஒன்று சற்றே கோணலாக.

உறை எதுவும் கையில் இல்லை.
வீட்டு மின்கட்டண ரசீதில் மடித்து
செடி எண்ணை எழுதினேன்,
கட்டவேண்டிய தொகையின் மேலேயே.