ஒரு நிமிடக் கடன்

ஆர்ஹூஸில் காலை எட்டுக்கும் இருட்டு.
ஹீலியக் குளிரில் உறைந்து கிடக்கிறது
ஒரு சொட்டு அமிலம்.
போடில் அதைப் பார்க்க முடியாது;
ஏறும் எண்ணைத்தான் பார்க்கிறாள்.

எலெக்ட்ரான்கள் சொன்ன பேச்சு கேட்கும்,
காந்தம் காட்டிய திக்கில் நிற்கும்.
கார்பன் கருக்களைச் சும்மா விட்டால்
லட்சத்தில் ஒன்று தேறாது.
மூன்று மணி நேரமாக நுண்ணலை
இதன் சாய்வை அதன் காதில்
ஓதிக்கொண்டிருக்கிறது.

பிறகு எல்லாம் அவசரம்.
கொதிநீர். வடிகட்டி. ஊசி.
நடையில் யாரோ விட்டுப்போன சக்கர நாற்காலியை
இடுப்பால் தள்ளிவிட்டு ஓடுகிறாள்.
வாங்கிய கடன்
வழியெல்லாம் சிந்துகிறது.

தோர்கில்லுக்குக் கை மட்டும் சில்லிடுகிறது.
திரையில் அவர் உடம்பு
எங்கே புளிப்பு ஏறுகிறதென்று
சொல்லிவிட்டு அணைகிறது.

"ஆரம்பிக்கலாமா?" என்கிறார்.
அவள் இன்னும்
மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள்.