பி-ஷிப்ட்

மூக்கண்டப்பள்ளியில் மூன்றாவது மாடி, தகரக் கூரை அறை.
ஒரு கட்டில்.
தவணை இன்னும் நான்கு பாக்கி நிற்கும் ஒரு கேம் பெட்டி.
முனிரத்தினத்துக்கு ஏ-ஷிப்ட். எனக்கு சி.
நான் எழும்போது அவன் மெஸ்ஸில்,
அவன் படுக்கும்போது நான் கம்பெனி பஸ்ஸில்.
ஆட்டம் பெயர் கேட்டபோது
இருவருக்கும் இல்லாத ஷிப்ட்டின் பெயரை
நாயகனுக்கு வைத்தோம்.

பி-ஷிப்ட்டுக்கு ஒரு கதை உண்டு.
அண்ணனைக் கோட்டையில் அடைத்துவிட்டார்கள்,
விடிவதற்குள் போயாக வேண்டும்.
திரை மூலையில் ஒரு மஞ்சள் அம்பு
மேஸ்திரி மாதிரி கைகாட்டிக்கொண்டே நிற்கும்.

அந்த விடியல் வராது என்று
முதல் வாரத்திலேயே கண்டுகொண்டேன்.
நாம் போகும்வரை அண்ணன் சாகமாட்டான்,
அவனுக்குத் தாடிகூட வளராது.
அதனால் நான் மீன் பிடித்தேன்.

காலை ஏழு மணிக்கு
ஆயில் வாசம் போகாத விரல்களால்
குதிரையை மேட்டில் ஏற்றி நிறுத்தி
மழை கிளம்பி வருவதைப் பார்த்தேன்.
ஜூஜுவாடி தாண்டினால் வேறு மாநிலம்;
எங்கள் பஸ் அதுவரை போனதில்லை,
சிப்காட் முனையிலேயே ஒடித்துவிடும்.
எட்டு மணி நேரம் ஒரே பிரஸ்ஸின் முன் நின்றவனுக்கு
எந்தப் பக்கமும் திரும்பலாம் என்பதே போதும்.
அண்ணன் இருக்கட்டும்.

ரத்தினம் அம்புக்கென்றே பிறந்தவன்.
மூன்று மணிக்கு அவன் உட்கார்ந்தால் கதை நகரும்.
நான் கட்டிய இடத்தில் குதிரை இருக்காது.
விலாவில் புதுத் தழும்பு.
நான் பிடித்த கெளுத்தி பதினொன்றும்
விற்று வெடிமருந்தாகியிருக்கும்.
ஓர் உடம்பில் இரண்டு வாடகைக்காரர்கள்.

துறையில் மிரேன் என்றொரு ஓடக்காரி.
அவளுக்கு மொத்தம் ஒன்பது வசனம்,
ஒன்பதும் எனக்கு மனப்பாடம்.
“ஆறு இன்று கோபமாக இருக்கிறது” என்பாள்,
ஆறு சும்மா கிடக்கும்.
வேலை இல்லாமலே காசு கொடுத்து
அக்கரைக்குப் போய்த் திரும்புவேன்.

ஒரு வியாழக்கிழமை ஓடம் மட்டும் இருந்தது.
கொல்லன் என்னைக் கண்டதும் கதவைச் சாத்தினான்.
ஒரு பொடியன் கல் எறிந்தான்.
பிறகுதான் புரிந்தது:
யார் உன்னை இக்கரை சேர்த்தது என்று
கோட்டைக் காவலன் கேட்டிருக்கிறான்.
சண்டை போடலாம், அல்லது பெயரைச் சொல்லலாம்.
ரத்தினத்துக்கு அன்று ஓவர்டைம் வேறு.
பெயரைச் சொல்லிவிட்டான்.

எதுவும் செய்யலாம் என்று அட்டையில் போட்டிருக்கிறது.
அந்த ஊரைக் கொளுத்தலாம்.
ஓநாய்த் தோல் போர்த்திக் கூரையில் ஆடலாம்.
“நான் இல்லை, நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்தேன்” என்று சொல்ல
ஒரு பட்டன் இல்லை.
கொல்லன் வாசலில் உட்கார்ந்தேன், எழுந்தேன்,
நானூறு நாணயத்தைத் தரையில் வைத்தேன்.
“போ” என்றான்.
மறுபடி தட்டினேன். அதே “போ.”

ஞாயிறு, பார்சல் பரோட்டாவைப் பிய்த்தபடி ரத்தினம் சொன்னான்:
“அண்ணன் வெளிய வந்துட்டான்ல? கட்டிப்பிடிச்சு அழுதான்டா.
அவளுக்கு ஒம்போது டயலாக்தானே.”
சூப்பர்வைசரிடம் எனக்கு அவ்வளவுகூட இல்லை என்று
சொல்ல வந்து, சால்னாவை நகர்த்தி வைத்தேன்.
“புதன்கிழமை சேவ் இருக்கு. வேணும்னா பின்னாடி போய்க்கோ.”

போகலாம். ஒரு அழுத்தில் அவள் துறைக்கு வருவாள்,
அந்த அழுகை திரும்ப உள்ளே போய்விடும்,
அண்ணன் பழையபடி இருட்டில்.
ரத்தினம் திரையைப் பார்க்காமல் கைகழுவப் போனான்.

திங்கள் காலை பெட்டியைப் போட்டேன்.
ஊர் அப்படியே இருந்தது, கதவுகள் சாத்தியபடி.
பி-ஷிப்ட் மட்டும் துறையில் உட்கார்ந்திருந்தான்,
கையில் என் தூண்டில்.
பையில் ஒரே ஒரு கெளுத்தி, விரலளவு.
தின்னலாம், விற்கலாம் என்கிறது திரை.

வைத்திருக்கிறேன்.