நாற்பத்திரண்டு மணி நேரம்

இரண்டாம் வருஷத்தில் விட்ட அரியரை
மூன்றாவது தடவையாக எழுதப்போகிறேன்.
ஆங்கில நாடகத் தாள்.
புத்தகம் நடுவில் பிய்ந்து இரண்டாகிவிட்டது:
கல்யாணம் வரை ஒரு கட்டு,
சாவுகள் ஒரு கட்டு.
ரப்பர்பேண்டு போட்டு வைத்திருக்கிறேன்.

கோனாபட்டில் எங்கள் வளவை
ஹாலோபிளாக் சுவர் ஒன்று குறுக்கே வெட்டுகிறது.
இந்தப் பக்கம் ஐந்து தூண், அந்தப் பக்கம் நாலு,
ஒன்று சுவருக்குள்ளேயே மாட்டிக்கொண்டது.
மழைத்தண்ணீர் போகிற வழி அவர்கள் பக்கம் என்பதால்
சுவரின் அடியில் ஒரு சாண் துளை விடவேண்டும் என்று
தேவகோட்டை கோர்ட்டில் உத்தரவு.
மற்றபடி பதினோரு வருஷமாகப் பேச்சில்லை.
படைப்புக்கும் தனித்தனி அடுப்பு.
ஒரே முன்னோர்கள்
இரண்டு தடவை சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

கரண்ட் போன ராத்திரி
துளை வழியாக ஒரு குரல் வந்தது.
வயிரவன். என்னைவிட ஒரு வயது சின்னவன்.
அதே கல்லூரி, அதே தாள்.
உருப்போடுகிறான்:
சாமியார் கொடுத்த மருந்தைக் குடித்தால்
இருபத்திநாலு மணி நேரம் பிணம்போலக் கிடப்பாள்.
இருபத்திநாலு மணி நேரம்.
இருபத்திநாலு.

விட்டிருக்கலாம்.
ஒரு மார்க் போயிருக்கும், அவ்வளவுதான்.
அவன் கணக்குப்படி என்றால்
அவள் முன்னாடியே விழித்துவிடுவாள்.
அவன் விஷம் வாங்கிக்கொண்டு குதிரையில் வருவதற்குள்
எழுந்து உட்கார்ந்து
தூசியைத் தட்டிக்கொண்டு வெளியே நடந்துவிடுவாள்.
ஐந்தாம் அங்கமே இருக்காது.

கொஞ்ச நேரம் பேசாமல்தான் இருந்தேன்.
அப்புறம் குனிந்து
துளையில் வாயை வைத்துச் சொன்னேன்:
நாற்பத்திரண்டு.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
ஒரு பல்லி சொல்லிற்று.
பிறகு பேனா மூடியைக் கழற்றும் ஒலி.

காதல் என்று நினைத்துவிட வேண்டாம்,
அவன் எனக்குத் தம்பி முறை.
எங்கள் கதைக்குச் சண்டை மட்டும்தான் வந்து சேர்ந்தது.
மற்றது வழியில்
சீல் வைத்த ஏதோ ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொண்டது,
சாமியார் கொடுத்தனுப்பிய கடிதம்போல.

"யாரோடடி பேசுற?" என்றது ஆத்தா.
"படிக்கிறேன்."
"என்ன கதை?"
சொன்னேன். முறுக்குத் தூக்கை மூடிக்கொண்டே கேட்டது.
"அந்த ரெண்டு வீட்டுக்கும் அப்படி என்ன சண்டை?"

டார்ச் அடித்து இரண்டு கட்டையும் புரட்டினேன்.
பகை பழையது என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது.
எதற்கு என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.
"போடவே இல்லை ஆத்தா."
"நமக்காவது ஒரு கதவு இருக்கு" என்றது.

இரண்டாங்கட்டுக் கதவு.
யாரிடமும் கையெழுத்து வாங்காமல் பெரியப்பச்சி
காரைக்குடியில் பழம்பொருள் கடைக்கு விற்றது.
இப்போது ஏதோ ஹோட்டலில்
மேலே கண்ணாடி போட்டு மேசையாகப் படுத்திருக்கிறதாம்.
அதில் யார் யாரோ சாப்பிடுகிறார்கள்.

பரீட்சையில் பதினைந்து மதிப்பெண்ணுக்கு:
இந்தச் சாவுகளுக்கு யார் பொறுப்பு?
விதி, அவசரம், சாமியார் என்று
கைடு மூன்று தலைப்புக் கொடுத்திருந்தது.
நான் கடைசிக் காட்சியை எழுதினேன்.
பிள்ளைகள் இரண்டும் தரையில் கிடக்கையில்
உன் மகளுக்குத் தங்கத்தில் சிலை வைக்கிறேன் என்கிறார் ஒரு அப்பா.
உன் மகனுக்கும் அதே மதிப்பில் என்கிறார் மற்றவர்.
சமாதானம் என்று இதைச் சொல்கிறார்கள்.
எனக்கு ஏலம் கேட்பதுபோல இருந்தது.
அதையும் எழுதினேன்.

வயிரவன் இரண்டு பெஞ்சு முன்னால்.
ஒரு தடவை தலையைத் திருப்பினான்,
மின்விசிறியைப் பார்ப்பதுபோல.
கூடுதல் தாள் வாங்கிக்கொண்டான்.
அவன் சரியாக எழுதியிருப்பான்.

நான்தான்
மருந்து குடிக்கிற இடம் வந்ததும்
அந்த எண்ணை மட்டும் அப்புறம் போடலாம் என்று
ஒரு விரல்கடை வெள்ளையாக விட்டு
மேலே எழுதிக்கொண்டு போனேன்.

மணி அடித்துவிட்டது.
அம்மா, கையை எடுங்க என்று
மேற்பார்வைக்கு வந்தவர்
தாளை உருவிக்கொண்டு போனார்.